சின்னம்மாவின் நெஞ்சு வயர்

சின்னம்மாவின் இடது தோளுக்குச் சற்றுக் கீழே, சட்டைத் துணிக்குள், ஏதோ ஒன்று துடித்துக்கொண்டிருந்ததை நான் முதன்முதலில் கண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையின்போது. எண்பத்து நான்காம் ஆண்டின் தொடக்கம் அது. எல்லோரும் முழந்தாளில் நின்றிருந்தோம். நழுவிய முக்காட்டைச் சரிசெய்யச் சின்னம்மா கையை உயர்த்தினார். அந்த இடத்துத் துணி மெல்லச் சுண்டியது. விட்டு மறுபடி சுண்டியது. தூண்டிலில் சிறு மீன் கடிக்கும்போது கயிறு அசைவதுபோல, ஒரே இடைவெளியில், நிற்காமல். மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு எழுபது. சின்னம்மா நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்து அந்த இடத்தை மூடிக்கொண்டார். கோயிலுக்கு வெளியே வந்து, “என்ன சின்னம்மா அது?” என்று கேட்டேன். “பெட்டி கதைக்குது. கதைச்சிட்டுப் போகட்டும்,” என்றார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளித் தனியாக இருந்தவர். பிள்ளைகள் இல்லை. கணவர் ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. கடல் அடங்கட்டும், பிறகு தேடுவோம் என்று ஆண்கள் எல்லோரும் கரையில் நின்றபோது, சின்னம்மா கொழுந்தனாரைப் பிடித்துத் தள்ளி வள்ளத்தில் ஏற்றித் தானும் ஏறிப் போனார். இரண்டு நாள் தேடி, ஒரு பலகைத் துண்டோடு திரும்பினார். பழுதான இயந்திரத்தைத் தெரிந்தே பூட்டிக் கொடுத்து அனுப்பிய வள்ளத்து முதலாளியான சம்மாட்டியுடன் அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சம்மாட்டியின் செத்தவீட்டுக்கும் போகவில்லை. பங்குச் சுவாமியார் கூப்பிட்டு, மன்னிக்கப் பழகு மகளே என்று புத்தி சொன்னாராம். “மன்னிக்கிறது உங்கட வேலை சுவாமி. நினைவில வைச்சிருக்கிறது என்ர வேலை,” என்று சின்னம்மா சொல்லிவிட்டு வந்தார். கரை முழுக்க இந்தக் கதை பரவியிருந்தது. சிறுமியாக இருந்தபோது எனக்கு அது வெட்கமாக இருந்தது. பிறகு அந்தச் சொல்லையே நான் என் சொல்லாக எடுத்துக்கொண்டேன்.

எண்பத்தொன்றில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சனம் நிறைந்து போன பஸ்ஸில், நின்றபடியே சின்னம்மா மயங்கி விழுந்தார். நான் அப்போது எங்கள் பகுதி ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கும் வேலையில் சேர்ந்து ஒரு வருடம். என் கையாலேயே அவருக்கு வயர்களை மாட்டி, தாளில் கோடு இழுத்தேன். இதயம் நிமிடத்துக்கு முப்பது தரம்தான் அடித்தது. எங்கள் ஆஸ்பத்திரிப் பொறுப்பு டொக்டரான டி.எம்.ஓ., யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த இளைஞர், அன்றே கொழும்புக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஓர் உலோகப் பெட்டியைத் தோலுக்குக் கீழே வைத்து, அதிலிருந்து ஒரு மெல்லிய வயரை இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் இறக்கினார்கள். இரண்டு கிழமையில் சின்னம்மா நடந்து பஸ் ஏறி வந்தார். வந்த மூன்றாம் நாள் கருவாட்டுக் கூடையைத் தூக்கினார்.

எல்லோரும் பெட்டியைப் பற்றியே கேட்டார்கள். பற்றரி எத்தனை வருடம் போகும், இடி மின்னலுக்கு வெளியே போகலாமா என்றெல்லாம். வயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டி.எம்.ஓ. ஐயாதான் எனக்கு அதைச் சொல்லித் தந்தார். வயர் புதிதாகப் போனதும் நுனியைச் சுற்றியுள்ள சதை வீங்கும். சில கிழமைகளுக்கு இதயத்தைத் தூண்டக் கூடுதல் மின்சாரம் தேவைப்படும். பிறகு வீக்கம் வற்றி, தேவை ஓரளவில் நிலைத்து, வருடக்கணக்காக அப்படியே இருக்கவேண்டும். இருக்காவிட்டால், ஒன்றில் உள்ளே இருக்கிற உலோகம் முறிந்திருக்கும், அல்லது அதைச் சுற்றியுள்ள உறை பிளந்து மின்சாரம் வழியிலே ஒழுகி அந்த இடத்துச் சதையைத் துடிக்கவைக்கும். மனித உடம்பு உப்புத் தண்ணீர், அதிலே எந்த உறையும் ஊறும் என்றார். பெட்டி தட்டுகிற ஒவ்வொரு தரமும் ஈசிஜி தாளில் நேராக ஒரு மெல்லிய கோடு விழும். அதை நாங்கள் முள் என்போம். முள்ளுக்குப் பின்னால் உடனே இதயத்தின் அலை வரவேண்டும். முள் விழுந்து அலை வராவிட்டால், தட்டியும் கதவு திறக்கவில்லை என்று பொருள்.

மாதத்துக்கு ஒரு தடவை சின்னம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்துக் கோடு இழுத்து, தாளை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டிவந்தேன். யாரும் சொல்லிச் செய்ததல்ல. இரண்டு வருடம் பக்கத்துக்குப் பக்கம் ஒரே கோடு. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, பெட்டியைச் சோதிக்கும் கொழும்புக் கிளினிக்குக்குப் போக யாருக்கும் துணிவில்லை. ஒரு தவணை தவறியது. அடுத்த தைமாதத்தில்தான் பூசையில் அந்தத் துடிப்பைக் கண்டேன். மறுநாள் கோடு இழுத்தபோது முள்ளின் உயரம் குறைந்திருந்தது. படுத்திருந்தால் எல்லா முள்ளுக்கும் அலை வந்தது. “எப்ப சின்னம்மா தலை சுத்துறது?” என்று கேட்டேன். “வலையைக் கம்பில காயப்போடேக்குள்ள,” என்றார். “அப்பிடியே கையைத் தூக்குங்கோ.” தூக்கினார். முள், முள், முள். அலை இல்லை. தாள் ஓடிக்கொண்டிருந்தது, சின்னம்மாவின் கண் மேலே சொருகியது. பாய்ந்து கையை இறக்கினேன். அலை திரும்பி வந்தது. சின்னம்மா மூச்சை இழுத்துவிட்டு, “கண்டுபிடிச்சிட்டாய்,” என்று சிரித்தார்.

அடுத்த கிழமையே அவரையும் கொப்பியையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் கொழும்புக்குப் போனேன். கிளினிக்கில் இருந்த பெரிய டொக்டர் தமிழர். அதனால்தான் என் கோபம் இன்றுவரை இரட்டிப்பாக இருக்கிறது. மொழி விளங்கவில்லை என்று அவருக்குச் சாட்டுச் சொல்ல வழியில்லை. சின்னம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, பெட்டிக்கு மேலே ஒரு காந்தத்தைப் பிடித்து, எண்ணிப் பார்த்தார். பெட்டி நல்லது, பற்றரி நல்லது என்றார். கையை உயர்த்திப் பார்க்கச் சொல்லி நான் கேட்டேன். கொப்பியை நீட்டினேன். அவர் கொப்பியைத் தொடவில்லை.

“நீர் டொக்டரோ?”

“இல்லை ஐயா. ஈசிஜி எடுக்கிறனான்.”

“அப்ப நீர் கோடு இழுக்கிற ஆள். கோட்டை வாசிக்கிறது என்ர வேலை.”

மூலையில் நின்ற வயதான நேர்ஸ் மிஸி தலையைக் குனிந்துகொண்டார். டொக்டர் சின்னம்மாவின் கிளினிக் அட்டையில் ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் சின்னம்மா கேட்டார், “என்ன எழுதியிருக்கிறார்?” பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் பொய் சொல்லி நான் பழகவில்லை. “பயந்த சுபாவமாம்,” என்றேன்.

அந்த நீண்ட தாழ்வாரத்தில் சின்னம்மா நின்றுவிட்டார். அவருடைய முகம் சிவந்து பிறகு வெளுத்தது. “பயமோ? எனக்கோ?” என்றார். வாடைக் கடலில் வள்ளம் ஏறிப் போன மனுசி. வவுனியாவில் ரயிலால் இறங்கும்போது என் கையைப் பிடித்து, “பிள்ளை, சாவு வந்தா வரட்டும். அந்த ரெண்டு சொல்லோட என்னைத் தாக்காதையுங்கோ,” என்றார். அடக்கம் செய்வதைத்தான் எங்கள் பக்கத்தில் தாக்கிறது என்போம்.

ஊர் வந்து நான் டொக்டருக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் தாளைப் பிரதி எடுத்து வைத்தேன். அவர் எனக்குப் பதில் எழுதவில்லை. என் மேலிடத்துக்கு எழுதினார். தகுதியில்லாத ஊழியர் ஒருவர் நோயாளியைக் கலவரப்படுத்துவதாக. டி.எம்.ஓ. ஐயா எனக்காகப் பேசிப் பார்த்தார். ஆனாலும் எண்பத்தாறில் என்னைச் செட்டிகுளத்துப் பக்கம் ஒரு சிறிய மருந்தகத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஈசிஜி இயந்திரமே இல்லை. நோயாளிகளுக்கு நம்பர்த் துண்டு எழுதிக் கொடுக்கும் மேசை வேலை. போவதற்கு முதல்நாள் சின்னம்மா டி.எம்.ஓ.விடம் வந்தார். நானும் நின்றேன்.

“ஐயா, நான் செத்தா அந்த வயரை எடுத்து இவளிட்டக் குடுங்கோ.”

“ஏனம்மா அப்பிடிக் கதைக்கிறீங்கள்?”

“இவள் அதைக் கொண்டுபோய் அவன்ர மேசையில வைக்கோணும். நான் கேக்கிறது அவ்வளவுதான்.”

டி.எம்.ஓ. என்னைப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் அதை எழுதி, வாசித்துக் காட்டி, சின்னம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் பயந்த மனிதர்தான். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு காலை வேளை, வலையைக் கம்பில் விரித்தபடி சின்னம்மா விழுந்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் ஓடி வந்தபோது வலையின் ஒரு நுனி இன்னும் கையில் இருந்ததாம். தந்தி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். டி.எம்.ஓ. என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கண்ணாடிப் போத்தலைத் தந்தார். பெட்டியையும் வயரையும் எடுத்து, வயரைக் கழுவி அதற்குள் சுருட்டி வைத்திருந்தார். கழுத்தடிக் காறை எலும்புக்கும் முதலாவது விலா எலும்புக்கும் இடையிலே அது நசுங்கியிருந்தது. கையைத் தூக்குந்தோறும் இரண்டு எலும்பும் கத்தரிபோல நெரித்திருக்கின்றன. அந்த இடத்தில் உறை வெளுத்து, மீன் செவுள்போலப் பிளந்து, உள்ளே சுருள் உலோகம் மினுங்கியது.

எனக்கு அது போதவில்லை. கடைத்தெருவில் ரேடியோ திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன். ஒரு கோப்பையில் உப்புத் தண்ணீர் கலக்கி, வயரின் நுனியை வெளியே தூக்கிவைத்து, நடுப்பகுதியை மட்டும் அமிழ்த்தினோம். மீற்றரின் ஒரு முனை வயரின் அடியில், மற்றது தண்ணீரில். உறை நல்லதென்றால் மீற்றர் ஊசி அசையக்கூடாது. நேராக வைத்தபோது கொஞ்சம் அசைந்தது. வளைத்தபோது பாய்ந்து மற்றக் கரைக்குப் போனது. “இப்பிடி ஒழுகினா ரேடியோவே பாடாது தங்கச்சி,” என்றார் அவர். அளவுகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

சண்டையால் கொழும்புப் பாதை பூட்டிக் கிடந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தேன். அந்த நாட்களில் நான் செபம் சொல்வதைக் கைவிட்டிருந்தேன். செபம் சொல்லும் நேரத்தில் அந்தக் கொழும்பு டொக்டரின் அறையைத்தான் கற்பனை செய்வேன். நோயாளிகள் எல்லோரும் கேட்க, மிஸிமார் பார்க்க, அவர் தலை குனியவேண்டும். என்ன சொல்வேன், எந்தச் சொல்லில் குரலை உயர்த்துவேன் என்று ஒத்திகை பார்ப்பேன். என் அம்மா, “உனக்குக் கலியாணம் பேசினாலும் காதில விழுதில்லை,” என்று அழுதார். உண்மைதான், விழவில்லை.

எண்பத்தேழில் பாதை திறந்த சில கிழமைகளுக்குள் புறப்பட்டேன். பெட்டியைக் கொண்டுபோகாதே, பற்றரியும் வயரும் சேர்ந்து கண்டால் குண்டு என்பார்கள் என்று டி.எம்.ஓ. எச்சரித்தார். வயரை மட்டும் உள்பாவாடை விளிம்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டேன். வவுனியாவுக்கு அப்பால் ஒரு சோதனைச் சாவடியில் என்னைத் தடவிச் சோதித்த பெண்ணின் விரல் அதன்மீது நின்றது. தையலைப் பிரித்து வெளியே இழுத்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், அம்மாவின் தங்கை, இதயம், செத்துப்போனார் என்று சொல்லி நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் வயரை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வெளியே நின்றவர்களுக்குத் தெரியாமல் அதைச் சுருட்டி என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டாள். என் கோபத்தின் நடுவே அந்தக் கை எனக்குப் பிடிக்கவில்லை. அன்று யாரும் என்மீது இரக்கப்படுவதை நான் விரும்பவில்லை.

கிளினிக்கில் டொக்டர் என்னை மறந்திருந்தார். நோயாளி என்று நினைத்துக் கதிரையில் இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. சின்னம்மாவின் அட்டையை மேசையில் வைத்தேன். கொப்பியை வைத்தேன். அதன்மேல் வயரை வைத்தேன்.

“இது அவா உங்களுக்குத் தந்துவிட்டது,” என்றேன்.

“ஆர்?”

“பயந்த சுபாவம் எண்டு நீங்கள் எழுதின மனுசி.”

“இதை எடுக்க உமக்கு ஆர் அனுமதி தந்தது?”

“அவாவே கையெழுத்து வைச்சுத் தந்தவா. வளைச்சுப் பாருங்கோ.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத்தான் ஒரு வருடம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் வயரை எடுத்து இரண்டு விரலால் வளைத்தார். பிளவு வாய் திறந்தது. பிறகு மெதுவாக, “எப்பவாவது ஒண்டு இப்பிடி நடக்கிறதுதான்,” என்றார்.

“ஒண்டோ? இஞ்ச வெளியில இருக்கிற ஆக்களில இன்னும் எத்தினை பேருக்கு அதே ரெண்டு சொல்லு எழுதியிருக்கிறியள்?”

மூலையில் நின்ற அந்த வயதான மிஸி முன்னால் வந்தார். மேசையில் அடுக்கியிருந்த அட்டைகளுக்குள் தேடி, ஒன்றை உருவி, அவர் முன்னால் வைத்தார். டொக்டர் அட்டையை வாசித்தார். வெளியே இருந்த அந்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

உள்ளே வந்தவள் மலையகத்துப் பெண். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். நாற்பது வயதிருக்கும். அவளுக்கும் தோளடியில் பெட்டி இருந்தது. முதலாளியின் அறைக்குள் வருவதுபோலச் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தாள். “கொழுந்துக் கூடையைத் தூக்கித் தலையில மாட்டுறப்போ கண்ணு இருட்டுதுங்க ஐயா. போன தடவையும் சொன்னேனுங்க,” என்றாள். டொக்டர் மிஸியிடம் ஈசிஜி எடுக்கச் சொன்னார். “நான் இழுக்கிறன். அது என்ர வேலை,” என்றேன். அவர் தடுக்கவில்லை.

வயர்களை மாட்டினேன். தாள் ஓடத் தொடங்கியது. முள், அலை, முள், அலை. “கையைத் தூக்கச் சொல்லுங்கோ,” என்றேன். என் வாயால் சொல்லாமல் அவர் வாயால் வரவேண்டும் என்று நின்றேன். அவர், “கையை மேல தூக்குங்கோ அம்மா,” என்றார்.

அவள் தூக்கினாள். அலை நின்றது.

நான் தாளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் நிறம் வடிந்ததையும், உதடு பிரிந்ததையும், மூன்று கடிதத்துக்கும் ஒரே நேரத்தில் பதில் வந்ததுபோலக் கண்கள் என் பக்கம் திரும்பியதையும் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சந்தோசம் எனக்கு வந்ததில்லை. அவர்தான் பாய்ந்து வந்து அவளுடைய கையைப் பிடித்து இறக்கினார். “தண்ணி கொண்டா, காலைத் தூக்கு,” என்று மிஸியிடம் கத்தினார். அவள் முழித்தபோது முதலில் கண்டது என்னை. “எனக்குப் பயம்தானுங்களா அம்மா?” என்று கேட்டாள். நான் டொக்டரைப் பார்த்தேன். “இல்லை,” என்றார் அவர். “வயர் பழுது. நான்தான் பிழை விட்டிட்டன்.” அவளை அன்றே வார்ட்டில் சேர்த்தார்கள். சின்னம்மாவின் அட்டையில் அந்த இரண்டு சொல்லையும் வெட்டி, வயரின் உறை பிளந்ததால் மரணம் என்று எழுதித் திகதியிட்டுக் கையெழுத்து வைத்தார். அந்த அட்டையை ஊருக்குக் கொண்டுவந்து சவக்காலையில் சின்னம்மாவின் தலைமாட்டில் புதைத்தேன்.

பழைய வயர் போட்டவர்கள் எல்லோரையும் அவர் கடிதம் போட்டுக் கூப்பிட்டு, கையை உயர்த்திச் சோதித்ததாக அந்த மிஸி எனக்குப் பிறகு எழுதினார். அதைக் கேட்டும் நான் அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிறது என் வேலை இல்லை. இந்தக் கதையை ஊரிலும், பிறகு நான் வேலை பார்த்த இடங்களிலும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள், சின்னம்மாவுக்கு நீதி வாங்கிக் கொடுத்துவிட்டாய் என்பார்கள். நானும் ஓமென்று கேட்டுக்கொள்வேன். ஒன்றை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. வயதாகிவிட்டது, இனி மறைத்து என்ன?

அன்று அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்தவள் நான்தான். கிழிக்கும்போது எண்ணினேன். கொழுந்து பறிக்கிறவளின் இதயம் நின்றிருந்த இடத்தில் ஏழு முள் இருந்தன. கை தூக்கினால் என்ன நடக்கும் என்று அந்த அறையில் நிச்சயமாகத் தெரிந்திருந்த ஒரே ஆள் நான். இரண்டாவது முள்ளிலேயே நான் அவளுடைய கையை இறக்கியிருக்கலாம்.